ஓமா, 1998: போன் போட்டுச் சொல்லிவிட்டு வைத்த குண்டு

ஒரு வாசகர் கேட்டது, 15 ஆகஸ்ட் 2025:
"இன்று ஓமா குண்டுவெடிப்பு நாள் என்று படித்தேன். ரியல் ஐ.ஆர்.ஏ. முன்கூட்டியே மூன்று முறை போன் செய்து எச்சரித்திருக்கிறது. போலீஸ்தான் மக்களைத் தப்பான பக்கம் அனுப்பியது. அப்படியானால் 29 பேர் செத்ததற்குப் போலீஸ்தானே பொறுப்பு? இது கொலையா, விபத்தா?"

15 ஆகஸ்ட் 2025, இரவு

கொலை. விபத்து என்றால் அந்தக் காருக்குள் 500 பவுண்டு வெடிமருந்து தானாக ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். ரியல் ஐ.ஆர்.ஏ. என்பது வட அயர்லாந்தைப் பிரிட்டனிடமிருந்து பிரித்து அயர்லாந்தோடு சேர்க்க ஆயுதம் தூக்கிய ஐ.ஆர்.ஏ.விலிருந்து உடைந்த ஒரு குழு. "மூன்று முறை எச்சரித்தார்கள்" என்ற வரியை மட்டும் பிடித்துக்கொண்டால் எவருக்கும் உங்கள் முடிவுதான் வரும்.

1998 ஆகஸ்ட் 15, சனிக்கிழமை. வட அயர்லாந்தின் டைரோன் பகுதியில் ஓமா ஒரு சந்தை ஊர். பள்ளி திறக்கப் போகிற சமயம், சீருடை வாங்கப் பிள்ளைகளோடு வந்தவர்கள் கடைத்தெரு முழுக்க. ஊர்த் திருவிழா வாரத்தின் கடைசி நாள் வேறு. எல்லைக்குத் தெற்கே, அயர்லாந்துக் குடியரசின் காரிக்மாக்ராஸில் சில நாள் முன்னால் திருடிய வாக்ஸால் கவாலியர் கார், அதற்கு வட அயர்லாந்து நம்பர் பிளேட். மதியம் இரண்டே கால் மணி வாக்கில் மார்க்கெட் தெருவில் ஒரு துணிக்கடை வாசலில் அதை நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள்.

இரண்டரை மணிக்குப் பிறகு போன்கள். முதல் இரண்டும் அல்ஸ்டர் தொலைக்காட்சிக்கு. ஒன்றில் "நீதிமன்றம், ஓமா, மெயின் தெரு, 30 நிமிடம்." அடுத்ததில் "ஓமா டவுன், 15 நிமிடம்." மூன்றாவது சமாரிட்டன்ஸ் என்ற தன்னார்வ உதவி எண்ணுக்கு: "மெயின் தெரு, நீதிமன்றத்திலிருந்து சுமார் 200 கஜம்." ஓமாவில் மெயின் தெரு என்று ஒரு தெருவே கிடையாது. நீதிமன்றம் இருப்பது ஹை தெருவின் மேல்முனையில். கார் நின்றது அங்கிருந்து ஏறக்குறைய 400 மீட்டர் கீழே. போலீஸ் நீதிமன்றத்தைச் சுற்றியிருந்த கூட்டத்தை விலக்கியது. விலகியவர்கள் கீழே வந்து மார்க்கெட் தெருவில் நின்றார்கள். மூன்று மணி தாண்டிச் சில நிமிடத்தில் வெடித்தது.

மூன்று போனிலும் சொன்ன நேரம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. இடம் ஒத்துப்போகவில்லை. காரின் நிறம், மாடல், நம்பர் எதையும் சொல்லவில்லை. அந்தக் காரில் உட்கார்ந்து ஓட்டி வந்தவர்களுக்கு நிறம்கூடவா தெரியாது?

16 ஆகஸ்ட், காலை

இறந்தவர்களைப் பற்றி நேற்று ஒரு வரிகூட எழுதவில்லை. அதைச் சொல்லாமல் வாதம் மட்டும் செய்வது அசிங்கமாக இருக்கிறது.

ஒரு பெண், வயிற்றில் இரட்டைக் குழந்தைகள். கூட அவருடைய அம்மா, இரண்டு வயதுகூட ஆகாத மகள். மூன்று தலைமுறையும் போயிற்று. பிறக்காத இரண்டையும் சேர்த்து 31 என்று எண்ணுபவர்கள் அங்கு உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம், அயர்லாந்துக் குடியரசின் டொனகலில் உள்ள பங்கிரானாவிலிருந்து சுற்றுலா வந்த பிள்ளைகளில் மூன்று சிறுவர்கள். அவர்களோடு வந்த ஸ்பானிய மாணவர் குழுவில் 12 வயதுப் பையன் ஒருவனும் குழுவை நடத்தி வந்த இளம்பெண்ணும். கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட், மார்மன் எல்லாரும். காயம் 200 பேருக்கு மேல். ஆம்புலன்ஸ் போதாமல் டவுன் பஸ்களில் ஆட்களை ஏற்றி டைரோன் கவுன்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

ஒரு போட்டோ உண்டு, நீங்களும் பார்த்திருக்கலாம். தோளில் குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒருவர் சிரித்தபடி நிற்கிறார், பக்கத்திலேயே அந்தக் கார். இடிபாட்டிலிருந்து எடுத்த காமிராவில் இருந்த படம். படத்தில் இருக்கும் இருவரும் பிழைத்துவிட்டார்கள். எடுத்தவர் பிழைக்கவில்லை.

16 ஆகஸ்ட், மதியம்

"ஆனாலும் போலீஸ் ஏன் அந்தப் பக்கம் அனுப்பியது?" என்று மறுபடி கேட்டிருக்கிறீர்கள்.

பெல்ஃபாஸ்டில் வேலை பார்த்த காலத்தில் ஓமாவுக்குப் போயிருக்கிறேன். அலுவலக நண்பர் ஒருவர் டைரோன்காரர், அவர்தான் கூட்டிக்கொண்டு போனார். ஆற்றைக் காட்டினார், தேவாலயத்தைக் காட்டினார், எங்கே நல்ல பொரித்த மீன் கிடைக்கும் என்று காட்டினார். மார்க்கெட் தெருவை நான்தான் கேட்டுப் போக வேண்டியிருந்தது. அவர் காரை விட்டு இறங்கவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

நீதிமன்ற வாசலில் நின்றால் தெரு காலடியிலிருந்து சரிந்து கீழே போகிறது. ஹை தெரு எங்கே முடிகிறது, மார்க்கெட் தெரு எங்கே தொடங்குகிறது என்பது பெயர்ப் பலகையைப் பார்த்தால்தான் தெரியும். நடப்பவருக்கு எல்லாம் ஒரே தெருதான். மேலே நீதிமன்றத்தில் குண்டு என்று யாராவது சொன்னால் கூட்டத்தை எங்கே அனுப்புவீர்கள்? இறக்கத்தில், கீழே, கண்ணுக்கு எட்டின தூரம் தள்ளித்தான். நானாக இருந்தாலும் அங்கேதான் கை காட்டியிருப்பேன். மேப்பை வைத்துக்கொண்டு பார்த்தால் முட்டாள்தனமாகத் தெரியும். நின்று பார்த்தால் அப்படித் தெரியாது.

நிறுத்த இடம் கிடைக்காமல்தான் நீதிமன்றப் பக்கம் வைக்க வேண்டிய காரைக் கீழே விட்டுப் போனார்கள் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. இருக்கட்டும். இடம் மாறியது தெரிந்தவர் ஓட்டி வந்தவர். போனில் பேசியவரிடம் அது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்பதில் 29 உயிர் தொங்கியது. இதற்குப் பெயர் எச்சரிக்கையா?

16 ஆகஸ்ட், இரவு

சங்கேதச் சொல் பற்றி ஒருவர் கேட்டார். போனில் சொன்னது "மார்த்தா போப்." குழப்பமாக இருந்தால்: அமைதிப் பேச்சுக்குத் தலைமை வகித்த அமெரிக்க முன்னாள் செனட்டர் ஜார்ஜ் மிட்செலோடு வேலை பார்த்தவர் பெயர் அது. பேச்சுவார்த்தைக்கு வந்த பெண்ணின் பெயரைக் குண்டுக்கு வைத்திருக்கிறார்கள். கொழுப்பு.

18 ஆகஸ்ட்

"ரியல் என்றால் மற்றது டூப்ளிகேட்டா?"

சிரிப்பு வந்தது, ஆனால் கேள்வி நியாயமானது. 1969இல் ஐ.ஆர்.ஏ. உடைந்து அஃபிஷியல், புரொவிஷனல் என்று இரண்டாயிற்று. நாம் செய்தியில் கேட்ட ஐ.ஆர்.ஏ. பெரும்பாலும் புரொவிஷனல்தான். பிறகு கன்டினியூவிட்டி. 1997இல் ரியல். 2012இல் இன்னொன்று, அதைப் பத்திரிகைகள் நியூ ஐ.ஆர்.ஏ. என்கின்றன. "இதுவே ஒரிஜினல் கடை, எங்களுக்கு வேறெங்கும் கிளைகள் இல்லை" என்று பக்கத்துப் பக்கத்தில் நான்கு போர்டு தொங்குமே, அந்தக் கதை. அயர்லாந்திலேயே ஒரு பழைய கிண்டல் உண்டு: குடியரசுவாதிகள் புது அமைப்பு தொடங்கினால் கூட்டத்தின் முதல் அஜெண்டா பிளவு.

ரியல் எப்படிப் பிறந்தது என்பது முக்கியம். பேச்சுவார்த்தைக்குள் வர வேண்டுமானால் வன்முறையைக் கைவிடுவதாக மிட்செல் வகுத்த நெறிகளை ஏற்க வேண்டும். ஐ.ஆர்.ஏ.வின் அரசியல் முகமான சின் ஃபெயின் கட்சி ஏற்றது. புரொவிஷனலின் ஆயுதக் கிடங்குகளுக்குப் பொறுப்பாக இருந்த மைக்கேல் மெக்கெவிட் ஏற்கவில்லை, ஆட்களோடு வெளியேறினார். கிடங்குப் பொறுப்பாளர் கோபித்துக்கொண்டு போனால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 1998 ஆகஸ்ட் 1 அன்று பான்பிரிட்ஜில் இதே மாதிரி ஒரு கார் குண்டு. போன் வந்தது, ஆட்களை வெளியேற்றி முடிப்பதற்குள் வெடித்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் காயம். சாவு இல்லை. ஓமா அதற்கு இரண்டு வாரம் கழித்து.

ஆகவே "எதிர்பாராமல் நடந்துவிட்டது" என்று அவர்களால் சொல்லவே முடியாது. பான்பிரிட்ஜில் அந்த முறை எவ்வளவு லட்சணம் என்று பார்த்துவிட்டுத்தான் ஓமாவுக்கு வந்தார்கள்.

18 ஆகஸ்ட், கொஞ்ச நேரம் கழித்து

எதை எதிர்த்தார்கள் என்பதை விட்டுவிட்டேன். புனித வெள்ளி ஒப்பந்தம், 1998 ஏப்ரல் 10. வட அயர்லாந்து மக்களில் பெரும்பான்மையோர் விரும்பாதவரை அது பிரிட்டனோடுதான் இருக்கும், விரும்பினால் அயர்லாந்தோடு சேரலாம் என்பது அதன் அடித்தளம். ஒரு தீவு ஒரு நாடு, அதை வாக்கு வைத்துத் தீர்மானிக்க வடக்கில் ஒரு பகுதிக்கு உரிமை இல்லை என்பது இவர்கள் வாதம். கடைசியாக முழுத் தீவும் சேர்ந்து வாக்களித்தது 1918 பொதுத் தேர்தலில், அந்தத் தீர்ப்பே இன்னும் செல்லும் என்பார்கள்.

அந்த வாதத்தின் கழுத்தை அறுத்தது 1998 மே 22. எல்லைக்கு இரு பக்கமும் ஒரே நாளில் வாக்கெடுப்பு. வடக்கில் 71.1 சதவீதம் ஆதரவு, தெற்கில் 94.4. எண்பது ஆண்டு கழித்துத் தீவு முழுக்க ஒரே நாளில் வாக்களித்திருக்கிறது, பதில் இவர்களுக்குப் பிடிக்காத பதில். மூன்று மாதம்கூட ஆகவில்லை, கார் வந்து நின்றது.

21 ஆகஸ்ட்

என்னை அலைக்கழித்துக்கொண்டிருக்கும் விஷயம் போன்தான். அதை இன்னும் கொஞ்சம் பேச வேண்டும்.

போன் போட்டுச் சொல்வது ரியலின் கண்டுபிடிப்பு இல்லை, புரொவிஷனல் காலத்துப் பழக்கம். 1972 ஜூலை 21, பெல்ஃபாஸ்ட்: ஒன்றரை மணி நேரத்துக்குள் இருபது குண்டு வாக்கில் வெடித்தன. எச்சரிக்கை வந்தது, ஆனால் எந்தக் குண்டுக்கு எங்கே ஓடுவது? ஒன்றிலிருந்து ஓடியவர்கள் இன்னொன்றுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். ஒன்பது பேர் சாவு. பத்து நாள் கழித்து கிளாடி என்கிற சின்ன ஊர். சொல்வதற்குப் போன் தேடிப் போனவர்களுக்கு வேலை செய்கிற போன் பூத் கிடைக்கவில்லை என்றார்கள். அங்கேயும் ஒன்பது பேர். 1978இல் பெல்ஃபாஸ்டுக்கு வெளியே லா மோன் ஹோட்டல். அங்கும் பூத் உடைந்து கிடந்தது என்று அதே கதை, எச்சரிக்கை வந்து சேர்ந்தபோது நேரம் போய்விட்டது. 12 பேர் எரிந்து போனார்கள்.

இருபத்தாறு வருடம் இந்த முறை எப்படி எப்படித் தோற்கும் என்று ஊர் முழுக்கத் தெரியும். பூத் கெட்டுப்போகும், தெருப்பெயர் மாறும், டைமர் முந்தும், எழுதிக்கொள்பவர் தப்பாக எழுதுவார். தெரிந்தும் அதே முறை தொடர்ந்தது. ஏனென்றால் போன் செய்வதால் அவர்களுக்கு ஒரு லாபம் இருந்தது: போனை வைத்த கணத்தில் பொறுப்பு தன்னிடமிருந்து எதிர்முனைக்குப் போய்விட்டதாக நினைத்துக்கொள்ளலாம். யாரும் சாகாவிட்டால் "நாங்கள் சொன்னோமே." செத்தால் "சொன்னோமே, போலீஸ் என்ன செய்தது." ரியல் ஐ.ஆர்.ஏ.வும் ஓமாவுக்குப் பிறகு தன் எச்சரிக்கை தெளிவாகவே இருந்தது என்றுதான் சொல்லிப் பார்த்தது. இந்த இழையின் முதல் கேள்வி அந்த வாதத்தில் பாதியைக் கேட்டுக்கொண்டு வந்து போட்டதுதான். கேட்டவரைத் திட்டவில்லை. அது அப்படித்தான் பரவும்.

21 ஆகஸ்ட், பின்னிரவு

சமாரிட்டன்ஸ் யார் என்று ஒருவர் தனியாகக் கேட்டார். சாகலாம் என்று நினைப்பவர்கள் மனம்விட்டுப் பேசக் கூப்பிடும் உதவி எண். தன்னார்வலர்கள் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பார்கள். அழைப்பவர் யார் என்று துருவ மாட்டார்கள். குண்டுக்காரர்களுக்கு அது வசதி.

2019 ஜனவரி 19, டெர்ரி, பிஷப் தெரு நீதிமன்றம். பீட்சா கொடுக்கப் போன ஆளின் காரைப் பறித்து அதில் குண்டு வைத்தார்கள். எச்சரிக்கை இங்கிலாந்தின் மேற்கு மிட்லண்ட்ஸில் உள்ள சமாரிட்டன்ஸுக்குப் போய், அங்கிருந்து அந்த ஊர் போலீஸுக்கு, அங்கிருந்து வட அயர்லாந்து போலீஸுக்கு. அதற்குள் ரோந்துப் போலீஸே காரைச் சந்தேகப்பட்டு ஆட்களை வெளியேற்றத் தொடங்கியிருந்தது. வெடிப்பதற்குச் சற்று முன்னால் இளைஞர் கூட்டம் ஒன்று அந்தக் காரை உரசிக்கொண்டு நடந்து போவது சிசிடிவியில் இருக்கிறது. யாரும் சாகவில்லை.

24 ஆகஸ்ட்

"குண்டு அமைதி ஒப்பந்தத்தைக் கெடுத்ததா?"

நேர் எதிர். அதுவரை ஐ.ஆர்.ஏ. தாக்குதல்களைப் பற்றிக் கேட்டால் சின் ஃபெயின் தலைவர் ஜெரி ஆடம்ஸ் வார்த்தைகளை அளந்து அளந்து பேசுவார். ஓமாவுக்கு மழுப்பாமல் கண்டனம் சொன்னார். செப்டம்பர் தொடக்கத்தில் வன்முறை முடிந்துபோன கதையாக இருக்க வேண்டும் என்றார். அதே மாதம் அவரும், பிரிட்டனோடு இருக்க விரும்பும் யூனியனிஸ்ட்களின் தலைவர் டேவிட் டிரிம்பிளும் முதன்முறையாக நேருக்கு நேர் உட்கார்ந்து பேசினார்கள். ரியல் ஐ.ஆர்.ஏ. போர் நிறுத்தம் அறிவித்தது. கிளின்டனும் பிளேரும் ஓமாவுக்கே வந்தார்கள். லண்டன், டப்ளின் இரண்டு நாடாளுமன்றங்களும் அவசரமாகச் சட்டம் இயற்றின.

இதைப் படித்துவிட்டு "அப்படியானால் நல்லதுக்குத்தான்" என்று யாரும் எழுத வேண்டாம். எழுதினால் பதில் போட மாட்டேன்.

25 ஆகஸ்ட்

இலங்கை பற்றிக் கேட்டவருக்கு. ஒப்பீட்டை நான் இங்கே திறக்கப் போவதில்லை, அது தனி இழை. நேரடித் தொடர்பு ஒன்று உண்டு: 2006இல் சின் ஃபெயினின் மார்ட்டின் மெக்கின்னஸ் இலங்கைக்கு வந்து கிளிநொச்சியில் தமிழ்ச்செல்வனைச் சந்தித்தார், தங்கள் பேச்சுவார்த்தை அனுபவத்தைச் சொல்ல.

29 ஆகஸ்ட்

தண்டனை. யாருக்கும் இல்லை. 29 பேரைக் கொன்றதாக ஒருவர்கூடக் குற்றவியல் நீதிமன்றத்தில் குற்றவாளி என்று நிற்கவில்லை.

2002இல் கோம் மர்ஃபிக்கு டப்ளினில் சதிக் குற்றத்துக்காக 14 ஆண்டு. விசாரணைக் குறிப்புகளை அயர்லாந்து போலீஸார் இருவர் திருத்தியது அம்பலமாகி, 2005இல் தீர்ப்பு ரத்து, 2010இல் விடுதலை. இன்னொருவர் மீது பெல்ஃபாஸ்டில் வழக்கு. மிகச் சிறிய அளவு டி.என்.ஏ.வை நம்பிய சாட்சியம், ஆதாரங்களைப் பாதுகாத்த அழகு இரண்டையும் பார்த்து 2007 டிசம்பரில் நீதிபதி வீர் அவரை விடுவித்தார். 2016இல் ஷேமஸ் டேலி மீதான வழக்கு விசாரணைக்கு முன்பே விழுந்தது. மெக்கெவிட்டுக்கு 2003இல் 20 ஆண்டு கிடைத்தது, ஆனால் அது பயங்கரவாதத்தை வழிநடத்தியதற்காக, ஓமாவுக்காக அல்ல. அவரைச் சிக்க வைத்தது டேவிட் ரூபர்ட் என்ற அமெரிக்கர், லாரித் தொழில் நடத்தியவர், எஃப்.பி.ஐ.க்காக உள்ளே புகுந்தவர்.

அப்புறம் குடும்பங்கள் தாங்களே பணம் திரட்டிச் சிவில் வழக்குப் போட்டார்கள். 2009 ஜூனில் நீதிபதி மோர்கன் மெக்கெவிட், லியம் காம்ப்பெல், மர்ஃபி, டேலி நால்வரும் பொறுப்பு என்றார். இழப்பீடு 16 லட்சம் பவுண்டுக்கு மேல். மர்ஃபியும் டேலியும் மேல்முறையீட்டில் மறுவிசாரணை வாங்கி, 2013இல் மறுபடி பொறுப்பு என்றே தீர்ப்பு. சிவில் வழக்கில் யாரும் சிறைக்குப் போவதில்லை, அது தெரிந்தேதான் போட்டார்கள். ஒரு நீதிபதி வாயால் பெயர்களைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

30 ஆகஸ்ட்

ஓமாவில் அதோடு முடிந்துவிடவில்லை என்பதற்கு இரண்டு செய்தி. 2011 ஏப்ரலில் ரோனன் கெர் என்ற இளம் கத்தோலிக்கப் போலீஸ்காரர், காருக்கு அடியில் வைத்த குண்டில் அதே ஊரில் இறந்தார். 2023 பிப்ரவரியில் காவல்துறை அதிகாரி ஜான் கால்ட்வெல், பிள்ளைகளுக்குக் கால்பந்துப் பயிற்சி கொடுத்து முடித்த நேரத்தில், மகன் பார்க்கச் சுடப்பட்டார். பிழைத்துவிட்டார்.

2 செப்டம்பர்

முதல் கேள்விக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. அன்று தெருவில் நின்ற போலீஸ்காரர்கள் மேல் பழி போடுவதை மறுத்தேன், இன்னும் மறுக்கிறேன். ஆனால் "போலீஸ்" என்றால் தெருவில் நின்றவர் மட்டும் இல்லை. அந்தப் பகுதியை இந்த இழையில் நான் வேகமாகத் தாண்டி வந்தேன்.

ஆகஸ்ட் 15 அன்று ஓமாவில் போலீஸ் மீது தாக்குதல் நடக்கும் என்று ஆகஸ்ட் 4ஆம் தேதியே ஒரு அநாமதேய அழைப்பு வந்திருந்தது. 2001 டிசம்பரில் காவல்துறை முறையீட்டு ஆணையர் நூலா ஓ'லோன் வெளியிட்ட அறிக்கை, உளவுத் தகவலைக் கையாண்ட விதத்தையும் பிறகு நடந்த புலனாய்வையும் கிழித்துப் போட்டது. 2008இல் பிபிசி, குண்டுக்காரர்களின் செல்போன்களை ஒற்றுக்கேட்டார்கள் என்று நிகழ்ச்சி போட்டது. அரசு நியமித்த பீட்டர் கிப்சன் அடுத்த ஆண்டு ஆராய்ந்து, அதைக் கொண்டு தடுத்திருக்க முடியாது என்றார். மகனை இழந்த மைக்கேல் கல்லாகர் விடவில்லை, நீதிமன்றம் போனார். 2021 ஜூலையில் நீதிபதி ஹார்னர், தடுத்திருக்கக்கூடிய உண்மையான வாய்ப்பு இருந்திருக்கலாம் என்று சொல்லிப் புது விசாரணை கேட்டார்.

இரண்டும் உண்மையாக இருக்க முடியும். குண்டு வைத்தவர் கொலைகாரர். தகவல் கையில் இருந்தும் சும்மா இருந்திருந்தால் அந்த அதிகாரியும் பதில் சொல்ல வேண்டும். இரண்டாவது குற்றத்தைக் காட்டி முதலாவதைக் குறைக்கப் பார்ப்பதுதான் எனக்கு ஒத்துவராதது. கல்லாகரைப் போன்றவர்கள் இரண்டு பேரையும் விடாமல் துரத்துகிறார்கள். அவருடைய தம்பியை 1984இல் ஐ.ஆர்.ஏ. சுட்டுக் கொன்றிருக்கிறது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

5 செப்டம்பர்

"இப்போது நடக்கும் விசாரணை ஆணையம் ஆட்களைக் கண்டுபிடிக்குமா?"

அதன் வேலை அதுவல்ல. 2023இல் அறிவித்தார்கள், ஸ்காட்லாந்து நீதிபதி டர்ன்புல் தலைவர். பிரிட்டிஷ் அரசு அமைப்புகள் இதைத் தடுத்திருக்க முடியுமா என்பது மட்டும்தான் கேள்வி. 2025 ஜனவரி கடைசியில் ஓமாவின் ஸ்ட்ரூல் கலை அரங்கில் குடும்பங்கள் ஒவ்வொருவராக வந்து இறந்தவர்களைப் பற்றிப் பேசினார்கள்.

சிக்கல் எங்கே என்றால், கார் திருடப்பட்டது தெற்கில், வந்தது தெற்கிலிருந்து, சிவில் வழக்கில் பொறுப்பு என்று சொல்லப்பட்டவர்கள் இருந்ததும் எல்லையைச் சுற்றித்தான். தெற்கிலும் விசாரணை வேண்டும் என்று ஹார்னர் அப்போதே சொன்னார், தன் அதிகாரம் அங்கே செல்லாது என்று தெரிந்தும். டப்ளின் தனி விசாரணை வைக்கவில்லை, பெல்ஃபாஸ்ட் பக்கத்து ஆணையத்துக்கு ஒத்துழைப்போம் என்கிறது. அயர்லாந்து போலீஸின் உளவுக் கோப்புகள் எந்த அளவுக்கு மேசைக்கு வருகின்றன என்று பாருங்கள். அது தெரிந்ததும் இங்கே எழுதுகிறேன்.